சங்கத்திற்கு எந்தக் கைபேசி?

சங்க அலுவலகத்திற்கு ஒரு நல்ல ஸ்மார்ட்போன் வாங்க வேண்டும், எதை வாங்குவது என்ற கேள்வி எனது சரகத்திலுள்ள பல சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் அடிக்கடி எழுந்த வண்ணம் இருக்கிறது. முன்னெல்லாம் கைபேசி என்பது காரியதரிசியின் சொந்த விஷயமாக இருந்தது. இப்பொழுது அவ்வாறில்லை. சேலையைப் படம் பிடித்து வெளியூர் வியாபாரிக்கு அனுப்புவது, யு.பி.ஐ. மூலம் பணம் பெறுவது, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது, கூலிப் பட்டுவாடா ஆன செய்தியை அங்கத்தினருக்குத் தெரிவிப்பது ஆகிய யாவும் அந்த ஒரு சாதனத்தினுள் அடங்கிவிட்டன. இரும்புப் பெட்டியின் சாவிக்குக் காட்டுகிற கவனத்தை இதற்கும் காட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆயினும், நான் கண்ட வரையில், பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள பெரிய எண்ணைப் பார்த்தே பெரும்பாலும் தீர்மானம் நிறைவேறுகிறது.

இதைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. இரு கருவிகளை எடுத்துக்கொண்டு பேசினால் விஷயம் விளங்கும். ஒன்று, தென்கொரியாவின் சாம்சங் கம்பெனியார் 2024 மார்ச்சில் வெளியிட்ட காலக்ஸி ஏ35. மற்றொன்று, சீனத்துச் சியோமி கம்பெனியார் 2024 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்குக் கொணர்ந்த ரெட்மி நோட் 13 ப்ரோ. எனது சரகத்தில் முன்னதை ஒரு நெசவாளர் சங்கமும், பின்னதை ஒரு விவசாயிகள் சங்கமும் வாங்கின. மேற்பார்வைக்குச் செல்லும் போதெல்லாம் இரண்டையும் கையிலெடுத்துப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. இரண்டுமே நடுத்தர விலைக் கருவிகள், 8 ஜி.பி. நினைவகமும் 128 ஜி.பி. சேமிப்பிடமும் கொண்ட மாதிரிக்கு, வெளியிட்ட காலத்தில் ஏ35-இன் விலை ரூ. 30,999; ரெட்மியின் விலை ரூ. 25,999. வித்தியாசம் சரியாக ஐயாயிரம் ரூபாய்.

ஐயாயிரம் ரூபாய் நமது அங்கத்தினருக்குச் சிறு தொகையன்று. தறியில் பல நாள் உட்கார்ந்தால்தான் அது கைக்கு வரும். ஆகவே, “விலை குறைந்த கருவியில் காமிரா நான்கு மடங்கு பெரிதாக இருக்கிறதே, கூடுதல் பணம் எதற்கு?” என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்த நான்கு மடங்கைப் பார்ப்போம். ரெட்மியில் 200 மெகாபிக்சல் காமிரா, ஏ35-இல் 50. மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளிகள். ஆனால் 200 மெகாபிக்சல் காமிரா சாதாரணமாகப் படமெடுக்கும்போது, பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே புள்ளியாக்கி, 12.5 மெகாபிக்சல் படத்தையே நமக்குத் தருகிறது. 50 மெகாபிக்சல் காமிரா நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி, ஏறக்குறைய அதே 12 மெகாபிக்சல் படத்தைத் தருகிறது. பதினாறு மெல்லிய இழைகளை முறுக்கி ஒரு நூலாக்கினால் என்ன, நான்கு தடித்த இழைகளை முறுக்கி ஒரு நூலாக்கினால் என்ன, தறியில் ஏறுவது ஒரு நூல்தான். முழு 200-ஐயும் பயன்படுத்தும் வசதி ரெட்மியில் உண்டு என்பது உண்மையே. நல்ல பகல் வெளிச்சத்தில் முந்தானையின் ஒரு புட்டாவை நுணுக்கமாகக் காட்ட அது உதவும். ஆனால் அப்படிப்பட்ட படம் மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். பத்துச் சேலைக்கு எடுத்த பிறகு எவரும் அந்த வசதியை நாடுவதாக எனக்குத் தெரியவில்லை.

ஏ4 தாள் முழுவதும் ஒரே படமாக, அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம், நல்ல அச்சகத்தில் விவரப் பட்டியல் அச்சிடுவதற்கு 9 மெகாபிக்சலுக்கும் குறைவாகவே தேவைப்படும். நமது படங்களோ பெரும்பாலும் அச்சகத்திற்குச் செல்வதில்லை, வாட்ஸ்அப்பில் செல்கின்றன. அங்கே படம் இன்னும் சுருக்கப்பட்டுவிடுகிறது. 2023 முதல் உயர்தரமாக அனுப்பும் வசதி வந்துள்ளது. அல்லது படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் அது சுருங்குவதில்லை. இதைக் காரியதரிசிக்குக் கற்றுக்கொடுப்பது 50-க்கும் 200-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட அதிகப் பலனைத் தரும். அதற்குச் செலவும் கிடையாது.

சேலை வியாபாரத்தில் உண்மையான சங்கடம் புள்ளியால் வருவதன்று, நிறத்தால் வருவது. “படத்தில் கண்டது அரக்கு, கையில் வந்தது குங்கும நிறம்” என்று சரக்குத் திரும்பி வருவதை நமது சங்கங்கள் யாவும் அறியும். இதில் இரு கருவிகளும் ஒன்றே. மாம்பழ மஞ்சள் சேலை ஒன்று சட்டம் முழுவதையும் நிறைத்தால், அறையின் வெளிச்சமே மஞ்சள் என்று காமிரா எண்ணிக்கொண்டு, அந்நிறத்தைத் தானாகவே மட்டுப்படுத்திவிடும். பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த மயில்கழுத்துச் சேலையோ பார்க்கும் கோணத்திற்கு ஒரு நிறம் காட்டும்; அதை ஒரே படத்தில் அடக்க எந்தக் காமிராவாலும் ஆகாது. சேலையை வடக்குப் பார்த்த சன்னல் ஓரமாக, நேர் வெயில் படாத இடத்தில் விரித்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியும் சட்டத்திற்குள் தெரியும்படி வைத்து, குழல் விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று கோணங்களில் எடுக்க வேண்டும். சரிகை கண்ணைப் பறிக்கும் இடத்தில் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கருவிகளின் திரையும் அமோலெட் வகையைச் சேர்ந்தவை. அவை நிறத்தைச் சற்றுத் தூக்கலாகக் காட்டும் இயல்புடையவை. ஆதலால் அமைப்புகளில் சென்று இயல்பான நிறத்தைத் தேர்ந்துகொள்வது நலம். மேற்சொன்ன நெசவாளர் சங்கத்தில், படத்தைத் திரையிலும் சேலையைக் கையிலும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்புகிறார்கள். இவ்வழக்கம் மற்றச் சங்கங்களிலும் வர வேண்டும்.

ஆகக் காமிராவினால் ரெட்மிக்குக் கிடைக்கும் மேன்மை பெட்டியில் தெரியுமளவிற்குக் காரியத்தில் இல்லை. இனி, பெட்டியில் எவரும் பெரிதாக அச்சிடாத ஒரு விவரத்திற்கு வருகிறேன்.

ஆண்ட்ராய்டு என்னும் இயக்க முறைமையில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவ்வோட்டைகளின் வழியே பிறர் நுழைந்து நமது கடவுச்சொற்களையும் செய்திகளையும் பார்த்துவிட இயலும். அவற்றை அடைக்கும் திருத்தங்களைத் தயாரிப்பாளர் தமது கருவிகளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று பெயர். எத்தனை ஆண்டு அனுப்புவோம் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லுகிறார்கள். ஏ35-க்கு ஐந்து ஆண்டுகள் என்று சாம்சங் சொல்லியது. ரெட்மி நோட் 13 ப்ரோவுக்கு நான்கு ஆண்டுகள் என்று சியோமி சொல்லியது. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகளைப் பொறுத்தமட்டில், ஏ35 பதினான்காம் பதிப்புடன் வந்து, நான்கு முறை உயரும். ரெட்மி பதின்மூன்றாம் பதிப்புடன் வந்து, மூன்று முறை உயரும்.

இந்தக் காலம் முடிந்தவுடன் கருவி நின்றுவிடுமா என்று கேட்கிறார்கள். நிற்காது. பாட்டுக் கேட்கலாம், பேசலாம், மழைச் செய்தி பார்க்கலாம். ஆனால் சங்கத்தின் பணம் புழங்கும் கருவியாக அதை வைத்துக்கொள்வது, பூட்டுப் பழுதான அறையில் சரக்கை அடுக்குவதற்கு ஒப்பாகும். மேலும், பழைய பதிப்புகளில் வங்கிகளின் செயலிகள் காலப்போக்கில் இயங்க மறுக்கின்றன. வேறொரு சங்கத்தில், இங்கே பெயர் சொல்ல வேண்டாத ஒரு மலிவுக் கருவியை வாங்கி வைத்திருந்தார்கள். தீபாவளித் தள்ளுபடி விற்பனை மும்முரமாக நடந்துகொண்டிருந்த வாரத்தில், வங்கிச் செயலி புதிய பதிப்புக் கேட்டு நின்றுவிட்டது. கருவிக்கோ புதிய பதிப்பு வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. பணம் வந்ததா இல்லையா என்று பார்க்கக் காரியதரிசி மிதிவண்டியில் வங்கிக்கும் கடைக்குமாக அலைந்ததை நான் நேரில் கண்டேன். அந்தக் கருவியின் காமிரா அப்போதும் நன்றாகவே இருந்தது.

எனவே, கருவியின் விலையை அதன் பாதுகாப்பான ஆண்டுகளால் வகுத்துப் பார்ப்பதே முறை என்பது எனது அபிப்பிராயம். ரெட்மிக்கு ரூ. 25,999-ஐ நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 6,500. ஏ35-க்கு ரூ. 30,999-ஐ ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 6,200. ஐயாயிரம் ரூபாய் அதிகம் என்று தோன்றியது, ஆண்டுக் கணக்கில் முந்நூறு ரூபாய் குறைவாக முடிகிறது. ஏ35-உடன் சார்ஜர் வருவதில்லை, தனியே வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்கு ஆயிரம் ரூபாய் வைத்தாலும் ஆண்டுக்கு ரூ. 6,400 ஆகிறது. ரெட்மிக்குப் பெட்டியிலேயே 67 வாட் சார்ஜர் வந்துவிடுகிறது. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், விலையில் இரண்டும் சமம் என்றே சொல்லலாம். விலை குறைவு என்ற ஒரே காரணத்திற்காக ரெட்மியைத் தேர்வதற்கு இடமில்லை என்பதுதான் நான் இக்கணக்கால் காட்ட விரும்புவது.

விலை சமமென்றால், எங்கே வைத்து உபயோகிக்கிறோம் என்பதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதுதான். குழித்தறி போட்ட கூடத்தில் பஞ்சுத் தூசி எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். பாவுக்குக் கஞ்சி போடும் இடத்தில் ஈரக்கை கருவியின் மேல் படாமல் இராது. வயலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏ35-க்கு ஐ.பி. 67 என்ற காப்புத் தரம் உண்டு. இதில் முதல் எண்ணாகிய 6, தூசி சற்றும் உட்புகாது என்பதைக் குறிக்கும். இரண்டாவது எண்ணாகிய 7, ஒரு மீட்டர் ஆழ நீரில் முப்பது நிமிஷம் கிடந்தாலும் தாங்கும் என்பதைக் குறிக்கும். ரெட்மி நோட் 13 ப்ரோவின் தரம் ஐ.பி. 54. அதாவது, தூசி ஓரளவு புகலாம், ஆனால் வேலையைக் கெடுக்குமளவு புகாது. நீர் தெறித்தால் தாங்கும், மூழ்கினால் தாங்கும் என்ற உறுதியில்லை. வாய்க்காலில் விழுந்தால் ஒன்று பிழைக்கும், மற்றொன்று பிழைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் ஓர் எச்சரிக்கை. இச்சோதனைகள் யாவும் நல்ல நீரில் செய்யப்படுபவை. பூச்சிமருந்திலோ, உரக் கரைசலிலோ, சாயத் தொட்டியிலோ செய்யப்படுபவையல்ல. நீரால் நேர்ந்த பழுதைக் கம்பெனியின் உத்தரவாதமும் சாதாரணமாக ஏற்பதில்லை. ஆதலால் 67 என்று கண்டவுடன் கழுவத் தொடங்கிவிட வேண்டாம்.

சேமிப்பிடத்திலும் ஏ35-க்கு ஒரு வசதி உண்டு. நினைவட்டை செருகிக்கொள்ளலாம், ரெட்மி நோட் 13 ப்ரோவில் அதற்கு இடமில்லை. ஆண்டு முழுவதும் சேலைப் படங்களைச் சேர்த்து வைக்கும் சங்கத்திற்கு இது பெரிய உதவி. ஆனால் அட்டை செருகினால் இரண்டாவது சிம்முக்கு இடம் போய்விடும். இரண்டு எண் வைத்திருக்கும் காரியதரிசிகள் இதைக் கவனிக்க வேண்டும். பணத்திற்குச் சங்கத்தின் பெயரிலுள்ள ஒரே எண்ணை வைத்துக்கொள்வதே எப்படியும் நல்லது.

வேகம், பாட்டரி முதலியவற்றில் பேச அதிகமில்லை. ஒன்றில் 5,000 மில்லிஆம்பியர்-மணி பாட்டரி, மற்றதில் 5,100. நமது வேலைக்கு இரண்டும் ஒரு நாள் முழுவதும் தாராளமாகத் தாங்கும்.

ரெட்மியின் பக்கம் நியாயம் எதுவுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது ஒரு மணி நேரத்திற்குள் முழுவதும் சார்ஜ் ஆகிவிடும். 25 வாட் மட்டுமே ஏற்கும் ஏ35-க்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று நிச்சயமில்லாத கிராமத்தில் இந்த வித்தியாசம் அற்பமன்று. விவசாயிகள் சங்கத்தின் தலைவர் இதே காரணத்தைத்தான் என்னிடம் சொன்னார். மறுத்துப் பேச என்னிடம் வாதமில்லை. காதில் மாட்டும் பழைய கம்பிச் சாதனத்தைச் செருகும் துளையும் அதில் இருக்கிறது, ஏ35-இல் இல்லை. எடையும் குறைவு: 187 கிராம்; ஏ35 209 கிராம். 22 கிராம் என்ன பெரிது என்று பட்டணத்தார் கேட்கலாம். நூலும் சரிகையும் நிறுத்துப் பழகிய கைக்கு அது தெரியாமற் போகாது. சொந்தப் பணத்தில், சொந்த உபயோகத்திற்கு, மூன்றாண்டில் மாற்றிவிடும் எண்ணத்துடன் வாங்குகிற ஒரு விவசாயி ரெட்மியை வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் சங்கத்தின் பொதுப் பணத்தில், சங்கத்தின் வங்கிக் கணக்கை வைத்து இயக்குவதற்காக வாங்குவதென்றால் ஏ35-ஐத்தான் சிபாரிசு செய்வேன், செய்தும் இருக்கிறேன்.

நான் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டென்பதற்கு, அடுத்து வந்த மாதிரிகளே சாட்சி. 2024 டிசம்பரில் இந்தியாவில் வெளிவந்த ரெட்மி நோட் 14 ப்ரோவில், இங்கு விற்ற மாதிரியின் முதன்மைக் காமிரா 50 மெகாபிக்சல்தான், 200 போய்விட்டது. அதற்குப் பதிலாகக் காப்புத் தரம் ஐ.பி. 68-ஆக உயர்ந்தது. சாம்சங் 2025 மார்ச்சில் வெளியிட்ட ஏ36-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஆறு ஆண்டுகள் என்று அறிவித்தது. வெளியீட்டு விலை ரூ. 32,999 ஆதலால், ஆண்டுக்கு ரூ. 5,500 என்று கணக்கு இன்னும் இறங்கியது. 45 வாட் வேகத்தில் சார்ஜ் ஏற்கவும் செய்கிறது. ஆனால் நினைவட்டைத் துளையை எடுத்துவிட்டார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது வியாபார இயல்பு போலும்.

புதிய மாதிரி வந்ததும் பழையதைக் கழிவு விலையில் விற்பார்கள். இங்கேதான் நமது சங்கங்கள் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். பாதுகாப்பு ஆண்டுகள், நாம் வாங்கிய தேதியிலிருந்து எண்ணப்படுவதில்லை. அந்த மாதிரி வெளிவந்த தேதியிலிருந்து எண்ணப்படுகின்றன. 2026 மார்ச்சில் ஒருவர் ஏ35-ஐ முத்திரை பிரிக்காத புதுப் பெட்டியில் வாங்கினாலும், ஐந்தில் மூன்று ஆண்டுகளே அவருக்கு மிஞ்சும். ஆண்டுக்கு ரூ. 6,200 என்ற பழைய கணக்கின்படி ரூ. 18,600-க்கு மேல் கொடுப்பது நஷ்டம். ரெட்மி நோட் 13 ப்ரோவுக்கு அப்போது இரண்டு ஆண்டுகூட முழுதாக மிஞ்சாது, ரூ. 13,000-க்கு மேல் கொடுக்கலாகாது. “ஏழாயிரம் ரூபாய் தள்ளுபடி” என்று கடைக்காரர் சொல்லும்போது, அந்த ஏழாயிரத்தோடு எத்தனை ஆண்டுகளையும் தள்ளிவிட்டார் என்று கேளுங்கள். வட்டியில்லாத் தவணை என்று சொன்னால், அதற்கான சேவைக் கட்டணத்தையும் கேட்டு விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். திரை உடைந்தால் மாற்ற என்ன ஆகும், அருகில் கம்பெனியின் பழுது பார்க்கும் நிலையம் எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் வாங்குமுன்பே விசாரித்துத் தீர்மானப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளலாம்.

ரசீது சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். காரியதரிசியின் பெயரில் அல்ல. 2020 ஏப்ரல் முதல் கைபேசிக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. விதிக்கப்படுவதால், அது ரசீதில் தனியே காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். *#06# என்று அழுத்தினால் திரையில் வரும் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சொத்துப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். கருவி களவு போனால், போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இவ்வெண்ணைக் கொடுத்து அதை முடக்கலாம். எண் தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய இயலாது. அதே பதிவேட்டில், வாங்கிய தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி கோடிட்டு, பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த மாதத்தோடு முடிகிறது என்பதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை நான் வரும்போது அந்தப் பத்தியைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.